மூக்கால் கூப்பிட வேண்டிய பேர்

மார்ச் 4

மூக்குக் கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு இன்னும் பேர் வைத்தபாடில்லை. தம்பி தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "அக்கா பேரையே வச்சா என்ன? என்னை வளர்த்தவளாச்சே" என்றான். அவன் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். "மனோன்மணியா? அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்பப் பழைய பேரு."

நான் தப்பாவே எடுத்துக்கலை என்றேன். பொய். பள்ளிக்கூடத்தில் இந்தப் பேருக்காக நானே அழுதிருக்கேன், ஒத்துக்கறேன். அதுக்காக? என் பேரை நான் திட்டலாம், நேத்து வந்தவ திட்டலாமா?

மார்ச் 9

பேர் தேடுகிறார்கள். தேடட்டும். எனக்கென்ன?

மார்ச் 15

கிடைத்துவிட்டதாம். பிரெஞ்சுப் பேர்! போனில் "மனோ—" என்று ஆரம்பித்து, கடைசியில் மூக்குக்குள் என்னவோ செய்தாள். ஜலதோஷமா என்று கேட்டேன். "இல்ல அண்ணி, அப்படித்தான் சொல்லணும். கடைசி எழுத்து வாய்க்கே வரக் கூடாது." மரீ என்கிற பேரின் செல்லச் சுருக்கமாம். அந்தக் காலத்தில் அங்கே வீட்டில் ஆசையாகக் கூப்பிட்டதாம். "விண்டேஜ் அண்ணி! சின்னதா, அழகா, ஒரு கிளாஸா இருக்குல்ல?"

ஓகோ. அவங்க ஊர்க் கிழவி பேர் என்றால் விண்டேஜ். நம்ம வீட்டுக் கிழவி பேர் என்றால் பழசு. எனக்கு இன்னும் ஐம்பதே ஆகலை, அது வேற விஷயம்.

பின்னால் தம்பி விடாமல் இருமிக்கொண்டிருந்தான்.

மார்ச் 22

பேர் வைத்தாயிற்று. கேக் மேல் ரோஸ் க்ரீமில் எழுதியிருந்தார்கள். நாள் முழுக்க அடுத்தவரை எழுத்துப் படிக்கச் சொல்கிறவள் நான். படித்தேன். எம், ஏ, என், ஓ, என். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

மனோன்! அடிப்பாவி, மணி எங்கேடி?

தம்பி காகிதத் தட்டுகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தான். வீட்டில் ஒரு தம்ளரை நகர்த்தாதவன்! சமையலறையில் மடக்கினேன். "இந்தப் பேரைத் தேடிக் குடுத்தது நீதானேடா?"

"மெதுவாப் பேசுக்கா. உன் பேர்லேர்ந்து எடுத்ததுன்னு அவளுக்குத் தெரியாது. பாதியாவது வைக்க விட்டாளே."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பாதி. என்னை வெட்டித்தான் உள்ளே விடணுமா? ஆனாலும் கேக்கில் இரண்டு துண்டு தின்றேன்.

ஏப்ரல் 30

மூக்கு வேலை யாருக்கும் வரவில்லை. பால்காரர் "மனோ" என்கிறார். மாடிவீட்டம்மா "மனோகர் எப்படி இருக்கான்?" என்று கேட்டாளாம். தம்பி மனைவி எல்லோருக்கும் பாடம் எடுக்கிறாள். மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

ஜூன் 11

குழந்தைக்குக் காய்ச்சல். தம்பி வெளியூரில். அவள் போனில் அழுததும் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன். டாக்டரிடம் நாங்கள் இருவரும்தான் கொண்டுபோனோம். பயப்பட ஒன்றுமில்லையாம், அப்பாடா.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, சீட்டைப் பார்த்து, மிச்சத்தைத் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டு கத்தினாள்: "மனோன்மணி! யாரும்மா மனோன்மணி?"

பழக்க தோஷம், எழுந்துவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் எழுந்தாள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். திருத்தப் போகிறாள், நர்ஸுக்கும் மூக்குப் பாடம்தான் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"போங்க அண்ணி. உங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிடறாங்க."