சிக்கெடுத்த கூந்தல்

உன் மகள் நேற்று வந்திருந்தாள். பெரிய பை ஒன்றில் உன் புடவைகளைக் கொண்டுவந்து வைத்து, "யாருக்காச்சும் குடுத்துருங்க அத்த, எனக்குப் பாக்கவே முடியல" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். பையைத் திறந்தால் சீயக்காய் வாசம். ஊரே பெட்டிக்குள் அந்துருண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் சீயக்காயைத் துணியில் முடிந்து போடுவாய். அந்த வாசம் என்னைத் தரங்கம்பாடிக் கோட்டையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். நீ, நான், சரோஜா மூவரும் இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். அதற்கு முந்தைய வருடம் உன் அம்மா மஞ்சள் காமாலையில் படுத்து, பிழைக்க மாட்டார் என்று சொந்தமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன சமயத்தில், நீ உன் முடியை வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாய். அம்மா பிழைத்தார். எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக அரூர்ப் பக்கத்தில் உனக்கு மாப்பிள்ளை பார்த்தார். முழங்காலைத் தொடும் உன் முடியைச் சொல்லித்தான் தரகர் அந்த வீட்டில் பேச்சையே ஆரம்பித்தாராம். கோடை விடுமுறை முடிவதற்குள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்த விடுமுறையில்தான் உங்கள் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் விட்டார்கள். துணைக்கு நானும் சரோஜாவும் ஒட்டிக்கொண்டோம். புறப்படும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாதாவுக்கு அவசரமில்ல கண்ணு, மாப்ள வூட்டுக்காரங்களுக்குத்தான் அவசரம். கல்யாணம் முடிஞ்சு போய் மொட்ட போட்டுக்கட்டும். நீ பாத்துக்க." பாவம், அவருக்கும் வேறு என்ன செய்யத் தெரியும்? நீ ஜன்னலோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாய்.

வேளாங்கண்ணியிலும் அப்படித்தான் இருந்தாய். பூசை பார்த்தாய், மெழுகுவர்த்தி ஏற்றினாய், மொட்டை போடும் இடத்தைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாய். உன்னை அப்படிப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் ஒரு நாள் சும்மா இருந்ததால், தரங்கம்பாடியில் கடலோரமாக டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறதாம், பாடத்தில் நடத்துகிற நாமே பார்க்காவிட்டால் எப்படி என்று உன்னைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

கோட்டையைப் பார்த்தோமோ இல்லையோ, கடலைப் பார்த்தோம். சரோஜா தூக்குப்பையிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் சீயக்காய்த் தூளையும் எடுத்தாள். தண்ணீரைக் கண்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒகேனக்கல்லில் பழகிய நமக்கு வேறு தெரியாதே. கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து உச்சி குளிர எண்ணெய் வைத்துக்கொண்டு, மூவரும் கையைக் கோத்துக்கொண்டு அலைக்குள் இறங்கினோம். அன்று நீ சிரித்த மாதிரி பிறகு சிரித்ததே இல்லை.

சீயக்காய் போட்ட பிறகுதான் விபரீதம் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் எண்ணெய் துளியும் இறங்கவில்லை. சீயக்காய் சேறாகத் தலையில் அப்பிக்கொண்டது, அதன்மேல் மணல். எங்கள் முடி ஏதோ கையளவு. உன் முடியோ கயிற்றுக் கட்டு மாதிரி இறுகிவிட்டது. சரோஜா சீப்பை வைத்து இழுத்ததில் சீப்புதான் உடைந்தது.

அப்போது சரோஜாவுக்கு ஒரு யோசனை வந்தது. "இதுவும் நல்லதுக்குத்தாண்டி. சிக்கு எடுக்கவே முடியல, வேற வழியில்லாம மொட்ட எடுத்துட்டோம்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம். உன் வேண்டுதலும் முடிஞ்சிரும்." எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அம்மாவாலும் கோபிக்க முடியாது, மாதாவும் கோபிக்க மாட்டார்.

நீ சிக்குப் பிடித்த முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாய். "வேணான்னு தூக்கிப் போடற முடியவா மாதாவுக்குக் குடுக்கறது?" என்று கேட்டாய். எழுந்து, மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் போய்க் குளிக்க நல்ல தண்ணீர் கேட்டாய். எங்கள் கோலத்தைப் பார்த்து அந்த அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்து முடித்துத் தன் வீட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வாளி வாளியாக இறைத்து ஊற்றினோம்.

பிறகு கோட்டையின் மேல்தளத்தில் உன்னை உட்கார வைத்து ஆளுக்கொரு பக்கம் சிக்கெடுத்தோம். பீரங்கியின் மேல் துண்டு காய்ந்தது. காற்றில் உன் முடி பறந்து எங்கள் முகத்தில் அடித்தது. அத்தனை அழகான முடியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னி, பூ வைத்துவிட்டேன். சாயங்காலம் வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் போய் உட்கார்ந்தாய். முடிந்து எழுந்ததும் தலையைத் தடவிக்கொண்டு, "காத்து நல்லாப் படுதுடி" என்றாய்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று முக்காடு போடச் சொல்லி அம்மா கெஞ்சியும் நீ போடவில்லை. அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். "என் உசுருக்காவ உன் வாழ்க்கையக் குடுத்துட்டியே" என்று அம்மா அழுதார். நீ அவர் மடியில் மொட்டைத் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாய். முடி வளர்ந்த பிறகு பெண் பார்க்க வந்தவரிடம் முதலிலேயே இந்தக் கதையைச் சொன்னாயாம். அவர் சிரித்தாராம், அதனால் கட்டிக்கொண்டாயாம்.

போன வருடம் சேலம் ஆஸ்பத்திரியில், மருந்து ஏற ஏற முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குத்தான் ஆள் அனுப்பினாய். "எண்ண தேச்சு அலசிவுடு. எப்பிடியும் போவப்போவுது, சுத்தமாப் போவட்டும்." வெளுத்து மெலிந்துபோன முடி. விரலாலேயே பிரித்தேன். சிக்கெடுத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "ஃபேனப் போடுடி, கோட்டையில அடிச்ச மாதிரி காத்து அடிக்கட்டும்" என்றாய்.

நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் உன் புடவைகளை அப்படியே கொடுத்துவிட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் இன்று காலை அலசிப் போட்டேன். ஒன்றில் முந்தானை கிழிந்திருந்தது, தைத்தேன். வாங்கிக்கொள்ள இன்றைக்கு வருவதாக இருந்த பெண்ணை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் கொடி நிறையத் தொங்குகின்றன, இன்னும் காயவில்லை.