ஓட்டை வேணும், புழு வேணாம்

மார்ச் 4

இன்றும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்தேன், மூடினேன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து இது ஒன்றுதான் நான் செய்கிற தோட்ட வேலை.

மகன் கத்தினான். "அம்மா, கத்திரிச் செடியெல்லாம் புழு!" தின்னட்டும். எனக்குத்தான் பசியில்லை. அதுக்காவது இருக்கே.

மார்ச் 7

இயற்கைக் காய்கறிக் கடைக்காரி துக்கம் கேட்க வந்தாள். போன வருஷம் அவர் கொண்டுபோன கூடையைத் திருப்பி அனுப்பியவள். "இவ்வளவு பளபளன்னு இருக்கே, மருந்து அடிக்கிறீங்களா அண்ணே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். விடியுமுன் எழுந்து, வாடின நுனி ஒவ்வொன்றையும் கிள்ளி, உள்ளே இருக்கிற புழுவை விரலால் எடுக்கிற மனுஷன். பதில் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் யாருக்கும் ஒரு காய் கொடுக்கவில்லை. மருந்தடிச்சவன் என்கிற பேரோடேயே போய்ச் சேர்ந்தார்.

அவள் துக்கம் ரெண்டு நிமிஷத்தில் முடிந்தது. ஜன்னல் வழியாகச் செடியைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா! இத்தனை ஓட்டையா! இதுதான் அசல் இயற்கை!"

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாளா, புழுவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தாளா? வாரம் ஒரு கூடை வேண்டுமாம். மகன் தலையாட்டிவிட்டான். "வீணாப் போறதுக்குக் கடைக்காவது போகட்டுமே அம்மா."

மார்ச் 12

கடைக்குப் போனேன். வாசலில் அவர் படம்! அடையாள அட்டைக்கு முறைத்துக்கொண்டு எடுத்தது. மகன் கொடுத்திருக்கிறான். கீழே 'விஷமில்லா விவசாயி' என்று எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே ஓட்டைக் கத்திரிக்காய். அந்தக் காய் அவர் கண்ணில் பட்டிருந்தால் குழி தோண்டிப் புதைத்திருப்பார்.

படித்த ஜனங்கள் காயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுகிறார்கள். ஒரே ஓட்டை இருந்தால் மூக்கைச் சுளிக்கிறார்கள். மூன்று இருந்தால் போட்டி. ஒருத்தர் எனக்கே பாடம் எடுத்தார். "புழு முதல்ல ருசி பாத்திருக்கும்மா. அது சாகலேன்னா நாமளும் சாக மாட்டோம்."

புழு என்ன, அவர் வீட்டுச் சமையல்காரனா?

மார்ச் 15

பக்கத்து வீட்டுத் தையல்காரி நறுக்கும்போது காய்க்குள்ளிருந்து புழு எட்டிப் பார்த்ததாம். அப்படியே கடைக்குத் தூக்கிப்போய் ஒரே கூச்சல். "அந்த அண்ணன் படத்தை மாட்டிப் புழுவை விக்கிறீங்களா?"

கடைக்காரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அக்கா, ஓட்டை இருக்கணும். புழு இருக்கக் கூடாது."

"சாப்பிட்டு முடிச்சதும் வாயைத் துடைச்சிட்டுக் கிளம்புன்னு புழுகிட்ட நான் சொல்லணுமா?"

"அப்ப நல்ல காயா எடுத்து ஊசியால குத்திடுங்களேன்."

சிரிக்காமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். உயிரோட இருந்தப்ப மருந்துன்னாங்க. செத்தப்புறம் புழுன்னு சொல்றாங்க. ரெண்டும் அந்த மனுஷன் காய் இல்லையே — இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?

மார்ச் 16

விடிந்ததும் தோட்டத்தில் இறங்கிவிட்டேன். ஓட்டைக் காயெல்லாம் பறித்துக் குழியில் போட்டு மூடினேன். வாடின நுனியைப் பிளந்தால் உள்ளே படுத்திருக்கிறது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. முதல் புழு விரலில் சுருண்டதும் உடம்பெல்லாம் கூசியது.

மார்ச் 17

இடுப்பு போச்சு.

ஏப்ரல் 9

பிஞ்சாக இருந்ததெல்லாம் முற்றி, இன்று ஒரு கூடை. ஒன்றில்கூட ஓட்டை இல்லை. கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரி ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, புழு தொடவே இல்ல... மருந்து அடிச்சீங்களா?"

அதே கேள்வி. அவர் பேசாமல் வந்தார். நான் பேசிவிட்டேன்.

"காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. என்ன அடிக்கிறேன்னு பாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினேன்.

"அக்கா, அது எங்க விளம்பரம்!"

"எனக்கு அவர் புருஷன்மா."

தையல்காரி பையோடு அங்கேதான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்து அந்தக் காயையே எண்ணெயில் வதக்கினேன். இத்தனை நாளும் மருமகள் கொடுக்கிறதைக் கொறித்துக்கொண்டிருந்தேன். நானே சமைத்தது இன்றுதான். உப்பு ஒரு கை கூட. மகன் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 10

கடைக்காரி வரவில்லை. தையல்காரி வந்தாள்! சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி மூலை முடுக்கெல்லாம் மருந்து டப்பா தேடினாள். நான் கிள்ளிக்கொண்டே இருந்தேன். ஒரு நுனியைத் தானும் பிளந்து பார்த்து ஒரு அலறல்! தெருவே எழுந்திருக்கும்.

போகும்போது கேட்டாள். "அண்ணன் தினமும் இதையா செஞ்சாரு?"

"தினமும்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்... நானும் மருந்துன்னுதான் நெனச்சேன்க்கா."

ரெண்டு காய் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 27

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இன்று கிள்ளாவிட்டால் செடி என்ன ஆகுமோ என்று படுத்துக் கிடந்தேன்.

தோட்டத்தில் தையல்காரி அலறினாள். கொஞ்சம் கழித்து இன்னொரு அலறல். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு அலறலுக்கும் ஒரு புழு குறைகிறது.

சிரித்துவிட்டேன். அவள் காதில் விழாமல், போர்வைக்குள்ளேயே.