குளத்தில் விட்டுப் போனவை

மார்ச் 4, திங்கள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பத்திரிகைக்கு எழுதத்தான் போகிறேன். என் தம்பி லொபாகா எங்கள் குடும்பக் குளத்தில் நடத்துகிற மனச்சுத்தி முகாம் ஒரு ஏமாற்று என்று.

இன்றும் ஹிலோ நகரத்திலிருந்து இரண்டு வேன்கள். என் தாழ்வாரத்திலிருந்து எல்லாம் தெரிகிறது. இடுப்பளவு நீரில் நிற்கிறார்கள். அவன் கீ செடியின் நீள இலைக் கொத்தை உப்புநீரில் தோய்த்துத் தலையில் தெளிக்கிறான். ஆளுக்கொரு குற்றத்தை உரக்கச் சொல்கிறார்கள், ‘விட்டேன்’ என்கிறார்கள், அழுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். புதிய மனிதர்களாகி விட்டார்களாம்.

அப்பா இந்தச் சடங்கின் மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தது மூத்தவனான எனக்கு. குளமுள்ள கடலோர நிலத்தைக் கொடுத்தது அவனுக்கு. இருபத்தாறு வருடம் பள்ளியில் ஹவாய் மொழி கற்பித்த எனக்கு இந்த எரிமலைக்கல் மேடு. மூன்று வருடம் முன்பு லொபாகா இதே படியில் வந்து நின்றான். “அண்ணே, எனக்கு ரெண்டு வரிதான் ஞாபகம் இருக்கு. எழுதிக் குடேன். உன் பேரப் போடறேன்.”

எழுதிக் கொடுத்தேன். பேர் எங்கே?

மார்ச் 6, புதன்

கடிதம் ஆரம்பித்தேன். இரண்டு பத்தி. நல்ல கோபம், மோசமான நடை.

மார்ச் 9, சனி

பஹோவா ஊர்க் கடையில் ரொட்டிக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் என் வாய் சொன்னது: “ரூபி, நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதான் கதவப் பூட்டினேன்.”

கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள். “என் பேரு நொயெலானி, அங்கிள். ரூபி யாரு, புது ஆளா?” பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

என் வாழ்க்கையில் ரூபி என்று யாரும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

செடிக்குத் தண்ணீர் விடும்போது மறுபடி. “அம்மாவோட மாத்திரைய நான்தான் ஒளிச்சு வெச்சேன்.” சொல்லிவிட்டு ஒரு பெண் பெருமூச்சு விடுவதுபோல விட்டேன்.

திரும்பினால் தாழ்வாரத்தில் காலடிகள். காலை பதினொரு மணி, நல்ல வெயில். ஈரம் காய்ந்து வெள்ளை உப்பாக நிற்கும் தடங்கள். பெரியது, சிறியது, விரல் வளைந்தது. எல்லாம் என் கதவைப் பார்த்து. ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

துடைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

மறுபடி இருக்கின்றன. நேற்றைவிட அதிகம்.

ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? எழுதிக் கொடுத்தபோது கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன். மறந்து அல்ல. அறுப்பு என்போம் அதை. சொன்ன குற்றத்தை வெட்டிக் கடலுக்கு அனுப்புகிற ஆறு வரி. அதைச் சொல்லி முடித்தபின் அந்தக் குற்றத்தைப் பற்றி யாரும், செய்தவனே கூட, மறுபடி வாய் திறக்கக் கூடாது. அறுக்காமல் விட்டால் சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் என்பார் அப்பா. நான் நம்பியதில்லை. படித்தவன். அவன் சடங்கு அரைகுறை, அது எனக்கு மட்டும் தெரியும் — அந்தச் சின்னச் சந்தோஷம்தான் வேண்டியிருந்தது.

மூன்று வருடம். வாரம் இருபது பேர் என்றால் — வேண்டாம்.

சொன்னவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டதுதான் மேலே ஏறி வருகிறது. அந்த ஆறு வரி யாரிடம் இருக்கிறதோ அவனைத் தேடியா?

மார்ச் 14, வியாழன்

தம்பி மனைவி ஹவ்னானி வேகவைத்த பலாக்காயோடு வந்தாள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம வேன் கெடையாது. நீங்க ரெண்டு பேரு மட்டும் குளத்துல எறங்குங்க. எத்தன வருஷம்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவீங்க? ரெண்டு கழுதைங்க முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். “என்ன இவ்ளோ உப்பு?”

கடல் காற்று என்றேன். கடல் காற்றுக்கு ஐந்து விரல் கிடையாது.

மார்ச் 17, ஞாயிறு

இறங்கினேன். நீர் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பு, பலர் குளித்துவிட்டுப் போன தொட்டிபோல. லொபாகா தலையில் தெளித்தான். “சொல்லுண்ணே.” உன் மேல் கோபம் என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். மற்றதை மனத்துக்குள். ‘விட்டேன்’ என்றேன்.

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அம்பத்தொரு வயது ஆள், மூக்கு ஒழுக. அந்த இடத்தில் ஆறு வரியையும் சொல்லியிருக்கலாம். உதடு வரை வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 18, திங்கள்

தாழ்வாரம் சுத்தம். ஒரு தடம்கூட இல்லை. மதியம் வரை தூங்கினேன்.

மார்ச் 23, சனி

தம்பி வீட்டில் சாப்பாடு. எனக்கு மீன் பரிமாறிக்கொண்டே ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில், குரல் மாறாமல், “ரூபி, நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதான் கதவப் பூட்டினேன்.”

“யாருய்யா அவ?” என்று ஹவ்னானி சிரித்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். அடுத்தது என் குரலில் வந்தது. என் குரலேதான், அந்தத் தொண்டைக் கரகரப்போடு: “கடைசிப் பகுதிய வேணும்னேதான் விட்டேன்.”

பிறகு தன் குரலில், “ஏண்ணே சாப்பிடல, உப்பு பத்தலையா?” சொன்னது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

“எந்தப் பகுதி?” என்றாள் ஹவ்னானி. அவனிடம் இல்லை. என்னிடம்.

தெரியலையே என்றேன்.

மார்ச் 27, புதன்

ஹவ்னானி போன் செய்தாள். “நாலு நாளா அவரு பேச்சு அவருது இல்லண்ணே. காலைல எந்திரிச்சதுலேருந்து யாரு யாரோ மன்னிப்புக் கேக்குறாங்க, அவரு வாயால. என் பேரே வர மாட்டேங்குது. நீங்க பேசிப் பாருங்க.”

அவனிடம் கொடுக்கச் சொன்னேன். லொபாகா, என்றேன். ஒரே ஒரு ‘அண்ணே’வுக்காகக் காத்திருந்தேன். ஒரு பெண் பேசினாள். ஒரு கிழவர். நாயைக் கொன்றதற்காக அழுகிற ஒருவன். அதற்குப் பிறகு என் குரல். போனை வைத்துவிட்டேன். என்னைத் தேடி வந்தவற்றையெல்லாம் குளத்தில் அவன்மேல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவன் ஒன்றுமில்லாமல் போகணும்னு நினைச்சது உண்மைதான். ஆனா இப்படியா? இதையா கேட்டேன்?

மார்ச் 28, வியாழன்

பத்திரிகைக்கு எழுதியதைக் கிழித்தேன். ஆறு வரியையும் தட்டச்சு செய்தேன். கீழே: ‘கடலைப் பார்த்து நின்று, எல்லோருக்காகவும் ஒரே தடவை சொல்லவும். அவரால் முடியாவிட்டால் நீ சொல்லலாம். பிறகு யாரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது.’ உறையில் ஹவ்னானியின் பெயர்.

தம்பி வீட்டுக்கு இறங்கி நடந்தால் ஏழு நிமிடம். தபாலில் போனால் சனிக்கிழமை. இரண்டு தடவை படி வரை போனேன். முடியவில்லை. இப்போதே கிளம்பினால் பஹோவாவில் இன்றைய தபாலைப் பிடித்துவிடலாம்.

இந்த வரிகள் தெரிந்த ஆள் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். அனுப்பியது யார் என்று அவனுக்கு எப்படியும் தெரிந்துவிடும். இருந்தும் பெயர் போடாமலே அனுப்பப் போகிறேன்; பெயரில்லாத கடிதத்துக்குப் பதில் சொல்ல அவன் வர முடியாது. கையெழுத்துப் போட்டால் அவன் இந்த மேட்டில் ஏறி வந்து என்னை மன்னித்துவிடுவான்.