ஜாதக மெஷினில் கை வைத்தது யார்

அன்று கடையில் இருந்தவர்கள் பேரை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. நான் இல்லை, நீ இல்லை என்று பிறகு யாரும் நழுவக் கூடாது. நான். நீ. கடைக்குச் சொந்தக்காரரான என் வீட்டுக்காரர், உன் மாமா. பெண்ணைப் பெற்ற ராமலிங்கம். அவரோடு வந்த அவர் அக்கா கண்ணம்மா. பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருந்து, சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற காதர் பாய். ஆறு பேர்.

இன்று ஏன் இந்தப் பேச்சு? காலையில் பேத்தியின் அறையைப் பெருக்கப் போனேன். அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து காலில் அனல் அடித்தது. தூசியும் பிளாஸ்டிக்கும் காய்கிற அந்த வாசனை. "பாட்டி, வேகத்தை ஏத்தி வச்சிருக்கேன், தொடாத" என்றாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாலாம் வகுப்போடு நின்ற கை இது. கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் சந்துக்குள் நம் ஜாதகக் கடை. கம்ப்யூட்டர் ஜாதகம் ஊருக்கே புதுசாக இருந்த காலம். பிறந்த தேதியும் நேரமும் ஊரும் சொன்னால் போதும், ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் கறகறவென்று கட்டம் இறங்கும். கணக்குப் போட்டு முடித்து, தமிழ் எழுத்தாக்கி அச்சுக்கு அனுப்ப மெஷின் நேரம் எடுக்கும். அதனால்தான் மார்கழி மாதத்தில் நீ அதன் வேகத்தை ஏற்றினாய்.

நீ செய்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். பெட்டிக்குள் மூளை மாதிரி ஒரு சில்லு. அது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைப் பலகையில் நிற்கும் ஊசிகளின் மேல் மாட்டிய கடுகளவு கறுப்புத் தொப்பி சொல்லும். ஜம்பர் என்பாய். அதை இடம் மாற்றி, நூற்று முப்பத்து மூன்றை நூற்று அறுபத்தாறு ஆக்கினாய். ஒரு படிதான். சில்லின் தலையில் மிளகளவு வெள்ளைப் பசை, அதன்மேல் அலுமினியக் கட்டி, அதன்மேல் புது விசிறி. நான் ஆசையாகத் தைத்துப் போட்ட பூப்போட்ட உறையை உருவி என் கையில் கொடுத்தாய். "மூச்சு முட்டும்க்கா."

பிறகு என் ஜாதகத்தை எடுத்தாய். தாத்தா தன் கையால் கணித்து எழுதிய நோட்டு. ஒரு பகல் முழுக்க என் பிறந்த நேரத்தையே திரும்பத் திரும்ப மெஷினில் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நோட்டோடு சரிபார்த்தாய்.

"இன்னாடா, இன்னும் எத்தினி வாட்டி நான் பொறக்கணும்?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "சூடு தாங்காம மெஷின் நின்னுபோனா நல்லதுக்கா. நிக்காம தப்பா கணக்குப் போட்டாத்தான் பயம். தப்பும் இதே மாதிரி அழகாத்தான் அச்சாகும்."



கத்திரி வெயில் தொடங்குமுன் தொப்பியைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டாய். உன் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "வாசல்ல ஜனம் வெந்துக்கினு கீது, நீ மெஷினுக்கு விசிறிக்கினு கீற!" என்றார். "கத்திரி போவட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு நீ பிரிண்டருக்கு ரிப்பன் வாங்கக் கிளம்பினாய். அதுதான் அந்த நாள்.

நான் மோர் எடுத்துக்கொண்டு வந்தேன். பெட்டி திறந்திருந்தது. உன் மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் கொண்டை ஊசியால் உள்ளே எதையோ நெம்பிக்கொண்டிருந்தார். ஒரு படி இல்லை, இரண்டு படி ஏற்றியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மூடியைச் சாத்தினார். "போய் வேலையைப் பாரு." நான் போய் வேலையைப் பார்த்தேன். நீ திரும்பி வருவதற்குள் ஒன்பது பேர் ஜாதகம் வாங்கிக்கொண்டு போனார்கள். "பார்த்தியா வேகத்தை" என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

நீ வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ராமலிங்கம் வந்துவிட்டார். தேவகியின் அப்பா. மூன்று வருஷமாக நீ யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்த பெண், தானும் உன்னை நினைத்த பெண். அவள் ஜாதகம் அவர் பையில் இருந்தது. உன்னுடையதை மட்டும் கண்ணெதிரே எடுக்கச் சொன்னார். உனக்கு என்ன பயம்? உன் கட்டத்தில் தோஷமில்லாத மூன்றாம் இடத்தில் செவ்வாய். எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பாய்! சிரித்துக்கொண்டே பட்டனைத் தட்டினாய்.

ஏழாம் இடத்தில் செவ்வாய் என்று அச்சாகி வந்தது.

கண்ணம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்லா கீதே! பொண்டாட்டிய முழுங்குற ஜாதகத்த வச்சிக்கினு பொண்ணு கேட்டியா?"

நீ மெஷின் பக்கம் திரும்பினாய். பெட்டியின் பின்னால் கையை வைத்தாய். சுட்டது போல இழுத்துக்கொண்டாய். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாய். "யாரு கை வச்சது?"

"எனக்கு இன்னாத்த தெரியும் அதெல்லாம்? நீதானே என்சினியரு" என்றார் உன் மாமா.

நீ என்னைப் பார்த்தாய். என் கையில் மோர்ச் செம்பு. வெளி ஆட்கள் முன்னால் கட்டினவரைப் பொய்யர் என்று சொல்வதா? கட்டிக்கொடுக்க எனக்கு மூன்று பெண்கள். நான் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொப்பியை மாற்றினாய். விசிறியைத் திருப்பி வைத்து அரை மணி நேரம் ஆற விட்டாய். மறுபடி எடுத்தாய். மூன்றில் செவ்வாய். காதர் பாய்கூட, "இன்னொரு தபா எடுத்துப் பாருங்க நைனா, அதுல இன்னா போவுது" என்றார். ராமலிங்கம் எழுந்துவிட்டார். "மொதல்ல வந்தது மெஷின் சொன்னது. இது நீ சொல்ல வச்சது" என்றார். அந்தப் பொல்லாத காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

தேவகியை வைகாசியிலேயே வேறு இடத்தில் கொடுத்தார்கள்.

அதற்கு நீ அழவில்லை. உன் கவலை வேறாக இருந்தது. "அந்த ஒம்போது பேரையும் கூப்பிட்டு மாத்திக் குடுக்கணும்" என்றாய். கடை பேர் கெடும் என்று உன் மாமா அன்று சாயங்காலமே பதிவு நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டார். ஞாபகத்தில் இருந்த பேர்களை வைத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி என்று வெயிலில் வீடு வீடாக அலைந்தாய். ஆறு பேரைக் கண்டுபிடித்தாய். மூன்று பேர் கிடைக்கவேயில்லை. அந்த மூன்று காகிதங்களும் எந்த வீட்டுப் பீரோவில் இருக்கின்றனவோ, அவற்றைப் பார்த்து யாரை யாருக்குக் கொடுத்தார்களோ, யாரை வேண்டாம் என்றார்களோ. கல்யாண வீட்டு மேளம் கேட்டால் இன்றும் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

ஒரே ஒரு தடவை நீ என்னிடம் கேட்டாய். "அக்கா, நீ பார்த்தியா?"

"இல்லடா" என்றேன்.

அப்புறம் நீ கேட்கவில்லை. தேனாம்பேட்டையில் தனி அறை எடுத்துப் போனாய். பொங்கலுக்கு வருவாய், கரும்பைச் சாத்திவைத்துவிட்டு நின்றபடியே கிளம்பிவிடுவாய். கல்யாணப் பேச்சை எடுத்தால் செருப்பை மாட்டுவாய். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் என் கையைப் பிடித்திருந்தாயே தவிர, கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அல்லது அதுவும் பொய்யோ, தெரியவில்லை.

ராமலிங்கத்தை மன்னித்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவர், பயந்தார். கண்ணம்மாவைப் பாதி மன்னித்திருக்கிறேன், மீதியை அவள் வாய்க்காக வைத்திருக்கிறேன். என்னை என்ன செய்வது என்பது உன் விருப்பம்.

கூடத்தில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். மத்தியானம் சோறு போட்டேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வேன். இப்போது உனக்காக எழுதுகிறேன், தம்பி. நான் பார்த்தேன். கை வைத்தது, நோட்டை எரித்தது, உன்னை அந்த வெயிலில் அலையவிட்டது, நான் சாகும்வரை மன்னிக்காதது ஒரே ஆள்.

கோதண்டராமன்.