கள்ளு முட்டியும் விஞ்ஞான மாஸ்ரரும்

நாரந்தனை
19-9-1976

அன்பு மகன் சிவபாதத்துக்கு அம்மா எழுதுவது. அம்மாளாச்சி கண்பார்த்து நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், நீயும் அந்த லண்டன் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்து கனநாள், பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே, இங்கே நடந்த புதினம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்றுதான் பார்த்திருந்தேன். இப்போது வந்துவிட்டது, வென்றுவிட்டோம், ஆறுதலாக இருந்து வாசி.

பள்ளிக்கூடங்களில் இப்போது தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்று நடக்கிறது, ஊரில் என்ன தொழில் உண்டோ அதை வகுப்பிலும் படிப்பிக்க வேண்டுமாம். அதற்காக விடுமுறையில் வாத்திமாரை வேலை நடக்கிற இடங்களுக்கு அனுப்பிக் கண்டு பழகிவரச் சொன்னார்கள். எங்கள் பேக்கரிக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற விநாயகமூர்த்தி மாஸ்ரர் வந்தார். முடிவில் கல்வி அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் பாண் போடுவது பாடமாகும், இல்லாவிட்டால் இல்லை. உன் ஐயாவுக்கு இதில் எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். எத்தனை வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுக்கிறார், பின்வாசல் படலையில் கூடையை இறக்கிவிட்டு அப்படியே திரும்புகிற மனிசன், உள்ளே வாரும் என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. தன் வேலையும் ஒரு படிப்புத்தான் என்று அவர்கள் வாயால் வரவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்ரர் ஊர் மதுவிலக்குச் சங்கத் தலைவர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் போறணை அடுப்பில் பாண் போடுகிற ஏரம்பு அவரிடம் படித்தவன், இன்றைக்கும் அவரைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை மரியாதைக்கு இறக்கி விடுகிறவன். கப்பலில் ஈஸ்ற் வராததால் இப்போது பனங்கள்ளு விட்டுத்தான் மாவைப் பொங்கவைக்கிறோம். மாஸ்ரர் வந்த முதல்நாள் பார்த்து ஐயா விறகு பேசச் சுருவில் ஊருக்குப் போய்விட்டார், நான் குசினியில் சமையலோடு. இந்த ஏரம்பு என்ன செய்தான் தெரியுமா, மாஸ்ரருக்கு முன்னால் கள்ளு முட்டியைத் தூக்க வெட்கப்பட்டு, அதை விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, ஒரு சொட்டும் விடாமல் வெறும் மாவைக் குழைத்துப் போறணைக்குள் தள்ளிவிட்டான். விடிய வெளியே வந்த பாணை எங்கள் நாய்கூட மணந்துவிட்டு அங்காலே போய்விட்டது. பாண் ஏற்ற வந்த சைக்கிள்காரர் வெறும் பெட்டியோடு திரும்பினார்கள். மாஸ்ரர் தான் மாவில் கை வைத்ததால்தான் இப்படி வந்தது என்று நினைத்துவிட்டார். என்னாலை உங்கடை பிழைப்புக் கெடக்கூடாது, எனக்கு ஏலாது எண்டு கல்விக் கந்தோருக்கு எழுதிவிடுறன் என்று சொல்லிக் குடையை எடுத்தார். அப்போதுதான் வந்து சேர்ந்த ஐயா அப்படியே கதிரையில் போய் இருந்துவிட்டார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏரம்புவின் முழியே சரியில்லை, விறகடியில் தேடினால் முட்டி நிரம்பினபடி கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அதைத் தூக்கிவந்து மாஸ்ரருக்கு முன்னால் வைத்தேன். பிழை உங்களிலை இல்லை மாஸ்ரர், உங்களுக்குப் பயந்து இவன் ஒளிச்சு வைச்சது இது, இது இல்லாட்டிப் பாண் பொங்காது, விருப்பமெண்டா இருங்கோ இல்லாட்டிப் போங்கோ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் வாய் விட்டேன் என்று விளங்கியது. அவர் குனிந்து நுரையைப் பார்த்தார், பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு. நொதித்தல் நொதித்தல் எண்டு எவ்வளவு காலமாய்க் கரும்பலகையிலை எழுதுறன், கிட்ட நிண்டு பாக்கிறது இண்டைக்குத்தான் என்றார். குடையை மூலையில் சாத்திவிட்டு, ஏரம்பு, இந்த அறைக்குள்ளை நீர்தான் மாஸ்ரர், நான் பிழை விட்டால் வாயைத் திறந்து சொல்லும் என்றார்.

அதன்பிறகு ஒரே கொண்டாட்டம்தான். ஐயாவின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, கள்ளுப் போத்தலில் வருகிற காற்றைக் குழாயால் அதற்குள் விட்டார், தண்ணீர் பாலாக வெளுத்தது. மாவைப் பொங்கவைக்கிற காற்று இதுதான் என்று அவர் சொல்ல, இன்னொருக்கால் செய்யுங்கோ மாஸ்ரர் என்று ஏரம்பு விடவேயில்லை. அதிகாரி வந்த அன்றும் இருவருமாக இதையே செய்து காட்டினார்கள். முட்டியைக் கண்டதும் அதிகாரி நெற்றியைச் சுருக்கினார், நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். மதுவிலக்குச் சங்கத் தலைவர் நான் சொல்லுறன், இது போறணைக்குள்ளை போய் வந்தால் ஒருதருக்கும் வெறிக்காது என்று மாஸ்ரர் முந்திக்கொண்டார். அதிகாரி சிரித்துவிட்டார், சுடச்சுடப் பாணைப் பிய்த்துச் சம்பலோடு சாப்பிட்டார், பாடத்துக்கு ஓம், நடத்துங்கோ என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போன திங்கட்கிழமை முதல் பாடம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஐயாவை வரச்சொல்லிப் பள்ளிக்கூட அதிபர் ஆள் அனுப்பினார். நான் மினுக்கிக் கொடுத்த வேட்டியோடு போனவர் பழக்கத்தில் பின்படலைக்கே போய் நின்றாராம், மாஸ்ரர் ஓடிப்போய்க் கையில் பிடித்து முன்வாசலால் கூட்டிவந்தாராம். வகுப்புக்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் அத்தனைபேரும் எழும்பி நின்றார்களாம். யாரோ பெரிய மனிசர் வருகிறார் என்று ஐயா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாராம். அங்கே ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொல்லும்போது நான் அழுதேவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. அம்மாளாச்சி உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள், நீ நல்லாயிருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உறையில் அவருடைய பேரை முருகேசு மாஸ்ரர் என்று பெரிதாக எழுது, தபால்காரன் சந்தியில் நின்று வாசிக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா பரிமளம்