நீ கனடா போகவில்லை

நேற்று நயினாதீவில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குக் குழாய் மாற்றினேன். கைமுழுக்கப் பிவிசி பசை. அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு உன் நினைவு வரும். மற்றவர்களுக்கு மல்லிகை, சந்தனம் என்று ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது இதுதான்.

அஞ்சலோட்டத்துக்குக் கோல் வேண்டும் என்று நீ கேட்டாய். "மச்சான், வேலையிடத்திலை மிச்சக் குழாய் கிடக்குமே, வெட்டித் தாவன்." அளவு பார்த்து வெட்டி, மூடி ஒட்டிக் கொண்டுவந்தேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "முனை கீறுது. உரோஞ்சிப்போட்டு வா" என்று திருப்பித் தந்தாய். எனக்குச் சரியான ஆத்திரம். "உன்ரை பெடியள் ஓடி ஒலிம்பிக்கே போகப்போறாங்கள்?" என்றேன். "சனிக்கிழமை வந்து பார். பிறகு கதை" என்றாய்.

வந்தேன். மடத்துவெளி மைதானத்தில் உன் ஆட்கள் நின்றார்கள். 'மனவளர்ச்சி குறைந்ததுகள், அதுகளுக்கு ஒன்றும் விளங்காது' என்று தீவுப்பகுதி வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி வைத்திருந்த பெடியன்களும் பெட்டைகளும். சிலருக்கு வயது முப்பதைத் தொடும். வீடு வீடாகப் போய்த் தாய்தகப்பனோடு வாதாடி அவர்களை நீ வெளியே கூட்டிவந்திருந்தாய். அவர்களுக்கு நீ 'சேர்'. கோலைக் கொடுக்கிறவர் வாங்குகிறவரின் பெயரைக் கூப்பிட வேண்டும், பெயர் கேட்டால்தான் வாங்குகிறவர் கையை நீட்ட வேண்டும். இது உன் முறை. சுதன் கத்துவான், "றஜனி, பிடி." றஜனி திரும்பியே பார்க்காமல் கோலை வாங்கிக்கொண்டு பறப்பாள்.

அதன்பிறகு நானும் சனிக்கிழமைகளில் உதவிக்கு வந்தேன். உனக்கும் எனக்கும் இடையில் தகராறு எப்போதும் ஒன்றுதான். நான் வேகமாகக் கதைப்பேன், கெதியாகக் கத்துவேன். "நீ கதைக்கிறது எனக்கே விளங்கேல்லை, றஜனிக்கு எப்படி விளங்கும்?" என்பாய். "ஆறுதலாச் சொல்லு. ஆனா முழுக்கச் சொல்லு." தோற்றால் தோற்றது என்றே அவர்களுக்குச் சொல்வாய். 'எல்லாரும் வெண்டிட்டம்' என்று கைதட்டுகிறவர்களை உனக்குப் பிடிக்காது.

மாரிமழைக்குள் உனக்கு டெங்கு வந்தது. ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

மழை விட்டதும் சனிக்கிழமைப் பயிற்சியை நான்தான் திரும்பத் தொடக்கினேன். வேறு ஆள் இல்லை. எல்லாரும் வந்தார்கள், றஜனி மட்டும் வரவில்லை. மாவட்டப் போட்டி கிட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய இடத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்தினேன். சுதன் ஓடிவந்து அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்று, "றஜனி, பிடி" என்றான். அந்தப் பிள்ளையின் பெயர் றஜனி இல்லை, அதனால் அவள் கை நீட்டவில்லை. அவன் கோலைக் கொடுக்கவும் இல்லை. உன் முறை அவ்வளவு நன்றாக வேலை செய்தது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

வேலை முடிந்து ஒருநாள் நயினாதீவில் றஜனி வீட்டுக்குப் போனேன். தாய் வாசலிலேயே மறித்தார்.

"தம்பி, அவளுக்குச் சேர் கனடாவுக்குப் போயிட்டார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். நீர் ஒண்டும் வாய் விட்டிடாதையும்."

"ஏன் கனடா?"

"தமையன்காரன் போனவன்தானே. கனடா எண்டால் அவளுக்கு விளங்கும். செத்தது விளங்காது."

குசினியில் றஜனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன் பயிற்சிக்கு வரேல்லை?"

"நான் கோவம்."

"ஆரோடை?"

"சேரோடை. அண்ணா போகேக்கை எல்லா வீட்டையும் போய், 'போட்டுவாறன்' எண்டு சொன்னவன். எனக்குத் தின்ன ரொபி தந்தவன். சேர் எனக்குச் சொல்லேல்லை."

ஊரில் வெளிநாடு போகிற எவரும் அப்படி வீடு வீடாக விடைபெற்றுத்தான் போவார்கள். சொல்லாமல் போனால் அது மரியாதைக் கேடு. வீட்டுக்காரர் உன்னைக் கனடாவுக்கு நல்லவிதமாக அனுப்பி வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணக்கில் நீ மரியாதை கெட்டவன் ஆகிவிட்டாய். எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. நீ எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போகிற ஆள் இல்லை.

"றஜனி, சேர் கனடா போகேல்லை" என்றேன். தாய் பின்னால் நின்று, "தம்பி" என்றார். நான் நிற்கவில்லை. ஆனால் முதல் தடவையாக ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தேன். "சேருக்குக் காய்ச்சல் வந்தது. ஆசுப்பத்திரியிலை வைச்சிருந்தவை. மருந்து குடுத்தவை. சரிவரேல்லை. சேர் செத்துப்போட்டார். இனி வரமாட்டார்."

துருவுகிற சத்தம் நின்றது.

"செத்தவீடு நடந்ததோ?"

"ஓம்."

"என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

"உமக்கு விளங்காதெண்டு நினைச்சவை."

"எனக்கு அப்பா செத்தது தெரியும்" என்றாள். "அப்பாவை எரிச்சது. அப்பா கனடாவிலை இல்லை." பிறகு அழுதாள். நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள். தாய் என்னை ஏசத் தொடங்கினார். "மனச்சாட்சி இல்லாதவன். பிள்ளை சிவனே எண்டு இருந்தது." நான் வள்ளத்துக்கு நடந்தேன். அவள் ஒருவேளை இனி ஒருநாளும் ஓடாமல் விடலாம். அப்படி ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டிருக்க ஏலாது என்றுதான் வள்ளம் கரைக்கு வரும்வரை எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி நம்பினேன்.

சனிக்கிழமை இக்கரையில், குறிகட்டுவான் துறையில் காத்து நின்றேன். றஜனி வள்ளத்தால் இறங்கினாள். பின்னால் தாய், முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி. றஜனி ஓடுகிற உடுப்பில் வரவில்லை. செத்தவீட்டுக்குப் போகிறதுபோல வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

"முதல் சேர் வீட்டை போவம்" என்றாள்.

உன் அம்மா கதவைத் திறந்ததும் கதிரையை இழுத்துப் போட்டார். றஜனி அதில் இருக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தகப்பனுக்குச் செய்தது நினைவிருந்திருக்க வேண்டும், கும்பிட்டாள். பிறகு உன்னோடு கதைத்தாள்.

"சேர், கோவம் இல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

உன் அம்மா அப்போதுதான் அழுதார். உன் செத்தவீட்டிலும் அவர் அப்படி அழுததை நான் காணவில்லை. றஜனியின் தாய் போய் அவரைப் பிடித்துக்கொண்டார். றஜனி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணை, கிறவுண்டுக்குப் போவம். சுதன் பாத்துக்கொண்டு நிப்பான்" என்றாள். ஓடுகிற உடுப்பைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

போன மாதம் மாவட்டப் போட்டி நடந்தது. மூன்றாமிடம். வென்றோம் என்று நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லமாட்டாய். கடைசிக் கைமாற்றலில் பிந்தினார்கள், அதை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறோம். ஆனால் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டார்கள். பதக்கம் போட்ட பிறகு, அறிவிப்பாளர் ஒலிவாங்கியை றஜனியிடம் நீட்டி, குழந்தைப்பிள்ளையிடம் கேட்பதுபோல, "உங்களுக்கு ஆர் ஓடப் பழக்கினது?" என்று இழுத்துக் கேட்டார்.

"எங்கடை சேர்" என்றாள். "அவர் செத்துப்போட்டார்."

மைதானம் முழுக்கக் கேட்டது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கையால் என்னைக் காட்டினாள்.

"இப்ப இவர். இவர் கத்துவார். ஆனா வருவார்."

என்னைப் பற்றி ஒருவரும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. முதல் பாதியைத் திருத்த முயன்றுகொண்டிருக்கிறேன். இரண்டாவது பாதிக்காகச் சனிக்கிழமைகளில் வேறு வேலை எடுப்பதில்லை.