எடை மெஷினைத் தொடாதீங்க

என்னங்க,

சோறு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். பிளம்பர் வந்தா பாத்ரூம் குழாயைக் காட்டுங்க.

நாலு மாசமா எண்பத்துநாலுலயே நின்ன என் எடை, அந்த எடை குறைக்குற மாத்திரை ஆரம்பிச்சதும் ரெண்டு கிலோ இறங்கிடுச்சுன்னு சந்தோஷத்துல தலைகால் புரியாம இருந்தேன். நேத்து நான் வேலை பார்க்குற லாண்டரியில துணிமூட்டை நிறுக்குற மெஷின்ல ஏறிப் பார்த்தேன். அதே எண்பத்துநாலு. வீட்டுக்கு வந்து பார்த்தா, நம்ம மெஷின்ல யாரும் ஏறாதப்பவே முள் சைபருக்கு ரெண்டு கிலோ பின்னாடி நிக்குது; முள்ளைச் சரிபண்ற திருகை நீங்கதான் திருப்பி வச்சிருக்கீங்க.

நான் அழுறதைப் பார்க்க முடியாமத்தான் செஞ்சிருப்பீங்க. கோபம்கூட வரல. இந்த மாத்திரையை நம்பாதீங்கன்னு மருந்துக்கடைக்காரர் வாங்குன அன்னைக்கே சொன்னார்.

திருகைப் பழையபடி வச்சுட்டேன். இனி தொடாதீங்க.

பி.கு.: மாத்திரை டப்பாவைக் குப்பையில போட்டேன். கிளம்புறப்போ திரும்ப எடுத்து ரெண்டு முழுங்கிட்டேன்.